போகிக்கு முன் வீட்டை ஒழித்து வைத்தல்: டெல்டா வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பழைய ஓட்டு வீட்டிலோ, அதன் ஒரு பாதியை இடித்துக் கட்டிய தளம் போட்ட வீட்டிலோ வசிப்பவர்கள் மார்கழி பிறந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செய்த தவறுகளும் இவற்றில் கலந்திருக்கின்றன. வீட்டை ஒழிப்பதில் எறிவது எளிய வேலை. எறியக் கூடாதவற்றை முதலில் பிரித்து எடுத்து வைப்பதே கடினமான வேலை என்பதால், கீழேயுள்ள பதில்களில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எப்போது தொடங்க வேண்டும்? போகிக்கு முந்தைய இரண்டு நாட்கள் போதாதா?

போதாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சுவரிலும் தரையிலும் ஊறியிருக்கும். அந்த ஈரம் வாங்கிய துணியும் காகிதமும் மரமும் வெளியே வந்து காற்றாட வேண்டுமானால், தொடர்ச்சியாக நான்கைந்து நாள் வெயில் வேண்டும். மார்கழி பத்துத் தேதிக்கு மேல் அந்த வெயில் ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கும். தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சம்பா அறுவடை வந்துவிடும். அறுவடை இயந்திரத்துக்கு முறை பிடிப்பது, நெல்லைக் காயவைப்பது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பது என்று வீட்டில் எவருக்கும் ஒட்டடைக் கம்பைத் தொடக்கூட நேரம் இருக்காது.

எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

பரணிலிருந்து. தூசி மேலிருந்து கீழேதான் வரும் என்பதால் முதலில் பரண், பிறகு ஓட்டின் உட்புறமும் உத்திரமும், பிறகு சுவர், கடைசியாகத் தரை. கூடத்தைப் பளிங்காகத் துடைத்துவிட்டுப் பரணில் ஏறுபவர்கள் அதே கூடத்தை மறுபடி துடைப்பார்கள். ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைத்துப் போடாமல், நாளுக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், மழை திடீரென்று வந்தாலும் தாழ்வாரத்தில் அள்ளி வைக்க இடம் இருக்கும்.

பரணில் இருக்கும் பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

ஒவ்வொன்றையும் கீழே இறக்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பதே முதல் பதில். மேலே நின்றபடி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே குப்பையாகத்தான் தெரியும். எங்கள் பரணில் உடைந்த நாற்காலிக்கு அடியில் கறுத்துக் கிடந்த உருளையைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டோம். அதை எடுக்க வந்தவரே துடைத்துப் பார்த்து, பித்தளைப் பூண் கட்டிய மரக்கால் என்று திருப்பிக் கொடுத்தார். 12 மரக்கால் ஒரு கலம் என்று நெல் அளந்த காலத்தின் பொருள் அது. இப்போது கூடத்தில் குடைகளைத் தாங்கி நிற்கிறது.

கழிப்பதற்கு நான் பின்பற்றும் வழக்கம் இதுதான்: ஒரு பொருளைப் பயன்படுத்துபவர் வீட்டில் யார் என்று கேட்டு, ஒரு பெயர் வந்தால் அது இருக்கும், 'யாருக்காவது உதவும்' என்ற பதில் வந்தால் அந்த யாரையாவது பொங்கலுக்குள் தேடிக் கொடுத்துவிட வேண்டும். கொலு பொம்மைகள் மட்டும் இந்தக் கேள்விக்கு உட்படாதவை. அவற்றைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, கனமான மண் பொம்மைகளை அடியிலும் காகிதக்கூழ் பொம்மைகளை மேலேயும் வைத்து, பெட்டியின் வெளிப்புறத்தில் உள்ளே இருப்பவற்றை எழுதி ஒட்டிவிட்டால், புரட்டாசியில் நான்கு பெட்டியைத் திறந்து தசாவதாரத்தைத் தேட வேண்டியிராது.

பழைய காகிதக் கட்டுகளை எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகி நெருப்பில் போட்டுவிட்டுப் பின்னால் வருந்தப்படும் பொருள்களில் காகிதமே முதலாவது. எங்கள் பெரிய தாத்தா ஒரு போகியன்று 'செல்லரித்த ரசீதுகள்' என்று ஒரு கட்டை நெருப்பில் போட்டார். அவை கோயில் நிலத்துக்குக் கட்டிய குத்தகை ரசீதுகள். பல ஆண்டுகளுக்குப் பிறகு சாகுபடி யாருடையது என்ற வழக்கு வந்தபோது, உழுதது ஊருக்கே தெரிந்திருந்தும், காட்டுவதற்கு எங்களிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழும் குடும்பங்கள் ஏராளம். குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்புத் தரும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தாலும், உரிமையை நிலைநாட்டும்போது முதலில் கேட்கப்படுவது ரசீதுதான். எத்தனை பழையதானாலும் குத்தகை ரசீதைக் கழிக்காதீர்கள்.

தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், வாரிசுச் சான்று, பிறப்பு இறப்புச் சான்றுகள், அடைத்த கடனுக்கு வாங்கிய தீர்வுக் கடிதம் ஆகியவையும் என்றைக்கும் இருக்க வேண்டியவை. பட்டா, சிட்டா நகல்களை இப்போது வருவாய்த் துறையின் இணையதளத்திலிருந்தும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்தும் புதிதாக எடுத்துக்கொள்ள முடிவதால், அவற்றின் பழைய அச்சுப்படிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. மூலப்பத்திரத்தின் நிலை வேறு: சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றாலும், விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ போகும்போது மூலம் எங்கே என்ற கேள்வியிலேயே நாட்கள் கழியும்.

பிரிக்கும்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். தாத்தா காலமாகி முப்பது ஆண்டாகியும் அவர் பெயரிலேயே நிற்கும் பட்டாக்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. பங்காளிகள் எல்லோரும் பொங்கலுக்கு ஊருக்கு வரும் சமயமே பட்டா மாறுதலைப் பற்றிப் பேசுவதற்கும் கையெழுத்து வாங்குவதற்கும் வசதியானது. அதோடு, கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கேட்பார்கள் என்பதால், அவற்றை இப்போதே ஒரு தனி உறையில் போட்டு வைத்தால் அறுவடையின் நடுவில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய வேண்டாம்.

பத்திரங்களை லேமினேஷன் செய்து வைக்கலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. முத்திரையையும் மையையும் சோதிக்க வேண்டி வந்தால் அதுவே இடையூறாகும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும் தவறு. சில ஆண்டுகளில் பசை பழுத்துக் காகிதத்தைக் கறையாக்கிவிடும். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருப்பிடித்து ஓட்டை போடும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, மடிப்புகளைப் பிரித்து, உறையில் நீட்டி வைப்பதே நல்லது.

2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஓடு பறந்த வீடுகளில் பீரோவுக்குள் இருந்த காகிதங்களும் நனைந்தன. அதை நேரில் கண்டவர்கள் முக்கியமான ஆவணங்களை இன்றும் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தூக்கிக்கொண்டு ஓடும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். நனைந்துவிட்டால் கொதிக்கும் வெயிலில் பரப்பாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, அதை அடிக்கடி மாற்றி உலர்த்துங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு படி அனுப்பிவிடுவது ஒரு மாலை நேர வேலைதான்.

ஓலைச்சுவடி கிடைத்தால் என்ன செய்வது?

எரிக்கவும் வேண்டாம், ஆற்றில் விடவும் வேண்டாம். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், ஊர் ஊராக ஏடு தேடிச் சென்றபோது நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் போன சுவடிகளைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கட்டு மருத்துவக் குறிப்பாகவோ, சோதிடமாகவோ, வெறும் நெல் கணக்காகவோ இருக்கலாம். அதைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் தஞ்சாவூரிலேயே இருக்கிறார்கள். 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது; சரசுவதி மகால் நூலகமும் அரண்மனை வளாகத்திலேயே இருக்கிறது. கொண்டுபோகும் வரை ஈரத்துணியால் துடைக்காமலும், தேங்காயெண்ணெய் பூசாமலும், நூலை உருவாமலும், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சுவடிக் காப்பாளர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் ஓலையின் நிலையைப் பார்த்து அவர்கள் செய்ய வேண்டியது அது.

கரையானை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் அல்ல, கையால். எங்கள் டிரங்குப் பெட்டி ஒன்றில், சிவப்புத் துணியில் கட்டிய கணக்குப் புத்தகங்கள் அடுக்கு குலையாமல் இருந்தன. மேல் கட்டைத் தூக்கினால் கனமே இல்லை. முடிச்சை அவிழ்த்தபோது அட்டை நான்கு பக்கமும் முழுதாக நிற்க, உள்ளே ஈர மண் மட்டும் இருந்தது. பெட்டியின் அடியில் துரு தின்ற ஒரு காசளவு ஓட்டைதான் வழி.

ஆகவே எந்தப் பெட்டியும் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. செங்கல் அடுக்கி ஒரு சாண் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். கதவு நிலையையும் உத்திரத்தின் சுவரோர நுனிகளையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பொத்தலான ஓசை வந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள். சுவரில் ஓடும் மண் கோட்டைத் துடைத்துவிட்டால் கரையான் போய்விடாது; அதன் புற்று தரைக்கடியில் இருக்கிறது. மருந்து அடிப்பது அதற்கென்று பழகியவர்களின் வேலை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, பெயிண்ட் அடிப்பதா?

செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால் சுண்ணாம்புதான். இப்படிப்பட்ட சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இராது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது சுவர் அதைத் திரிபோல் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். இரண்டாவது ஆண்டில் அடிப்பகுதி உப்பி, பொரிந்து, அப்பளம் போல் கழன்று விழும். பொரிந்த இடத்தில் சிமெண்ட் பூசி மறைத்தால் ஈரம் அந்தப் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறும். 'பளபளவென்று இருக்கட்டுமே' என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் காட்டும் சான்று எங்கள் ரேழிச் சுவர்: ஒரு பக்கம் பெயிண்ட், மறுபக்கம் சுண்ணாம்பு. இனி நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே பிடிக்காதது போலத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும், அதனால் பொறுமையிழந்து கெட்டியாக அடித்துவிடாதீர்கள். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடாமல், சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பித்தளை, வெள்ளி, தஞ்சாவூர் ஓவியம் ஆகியவற்றை எதனால் சுத்தம் செய்வது?

பித்தளைக்குப் புளியும், வெள்ளிக்குத் திருநீறும் போதும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் பிசுக்கு ஏறியிருந்தால் பாகங்களைத் திருகிக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, முதலில் சீயக்காய்த் தூளால் எண்ணெயை எடுத்துவிட்டுப் பிறகு புளி போடுங்கள். எண்ணெயின் மேல் புளியைத் தேய்ப்பது வீண் உழைப்பு. துடைத்தபின் ஈரம் நின்றால் மறுநாளே கறுக்கும்.

சமைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், மறுபடி ஈயம் பூசும் வரை அதில் புளிக்குழம்போ ரசமோ வைக்கக் கூடாது. ஈயச்சொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயமாக இருக்கக் கூடாது என்பதால் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும்; வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் சொம்பு இராது.

தஞ்சாவூர் ஓவியத்தைத் தண்ணீர் தொடவே கூடாது. பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு பதித்த வேலை அது. கண்ணாடியை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியின்மேல் நேராகத் திரவம் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

பட்டுப் புடவைகளுக்கு அந்துருண்டை போடலாமா?

சரிகையைத் தொடாமல் இருந்தால் போடலாம். தொட்டால் சரிகை கறுக்கும். கைக்குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் போடவே வேண்டாம். திருபுவனத்துப் பட்டோ கூறைநாட்டுப் பட்டோ, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் இற்றுப்போகாது. நேர்வெயிலில் உலர்த்துவதைத் தவிர்க்க வேண்டும்.

கொல்லைப்புறத்தை ஒழிக்கும்போது எதில் கவனம் தேவை?

பாம்பு, எலி, கொசு, இந்த வரிசையில். விறகு அடுக்கையும் வைக்கோல் போரின் அடியையும் பகல் வெளிச்சத்தில் மட்டும் கலையுங்கள். முதலில் கம்பால் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, பிறகு கை வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிக்கப் போவதும் நேரத்தைத் தின்னும் செயல்கள். கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலிப் புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தின் வழியே எலிக்காய்ச்சல் பரவும். அந்தப் பிளீச்சிங் பவுடரோடு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. அவை கலந்தால் எழும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும்.

கொட்டாங்கச்சி, உடைந்த பானை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய மழைநீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தொட்டிகளின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

செவ்வாய், வெள்ளியில் பொருளை வெளியேற்றலாமா?

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் சொல்படி நடப்பதில் நட்டமில்லை. அந்த இரண்டு நாளையும் பிரிப்பதற்கும் அடுக்குவதற்கும் வைத்துக்கொண்டால் வேலையும் நடக்கும், மாமியாரின் மனமும் கோணாது.

போகியன்று எதை எரிக்கலாம்?

என் கருத்தில், எதையுமே எரிக்க வேண்டியதில்லை. திடக்கழிவு மேலாண்மைக்கான விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்திருக்கின்றன. முன்பு நெருப்பில் விழுந்தவை கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் பிய்ந்த முறமும்தான். இப்போது பாயே பிளாஸ்டிக்காகிவிட்டது. மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்பதால் புகை மேலேறாமல் தெருவிலேயே தங்கி, மூச்சிரைப்பு உள்ளவர்களை முதலில் தாக்கும். சடங்கு விடுபடக் கூடாது என்பவர்கள் வாசலில் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்திக் குழந்தைகளைப் பறை கொட்டச் சொல்லலாம். மற்ற பாயும் கூடையும் கொல்லை எருக்குழிக்குப் போகட்டும். டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

எல்லா வேலையும் அம்மா ஒருவர் தலையிலேயே விழுகிறதே, என்ன செய்வது?

இதை ஒரு மகன்தான் கேட்டார் என்பதால் அவருக்கே பதில் சொல்கிறேன். ஊருக்குப் போகி இரவில் வந்து இறங்காமல், அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் வாருங்கள். பரண், உத்திரம், ஏணி வேலை அனைத்தும் உங்களுடையவை. காகிதப் பெட்டியை அம்மா அப்பா இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள். எந்த ரசீது எந்தப் பங்குக்கு உரியது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பென்சிலால் உறையின்மேல் எழுதுங்கள். எங்கள் அப்பா சொன்னதில் பாதியை மட்டும் நான் எழுதி வைத்தேன். மீதிக் கட்டுகள் இன்னும் பெயரில்லாமல் அதே பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு மார்கழியிலும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நாடாவை மறுபடி கட்டி வைக்கிறேன்.